சுக்கானம்மா

கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் அமலோற்பவம் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். காய் பொறுக்குவதும் காசு கொடுப்பதும் இடது கையால்தான். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அவளுக்கு ஒரு கை விளங்காது என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள். ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். அந்தக் கையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. மீன் விற்கும் ஒருத்தி அவளிடம் காசு வாங்குவதேயில்லை. அவளுடைய மகன் உயிரோடு இருக்கிறான். பழைய பேப்பர் கடைக்காரர் அவள் வந்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்; அவருடைய மனைவி உயிரோடு இல்லை.

இரண்டுக்கும் இந்தக் கைதான் காரணம் என்று அவர்கள் நம்பினார்கள். இல்லை என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் எட்டு வருடமாக அவளைத் தூங்க வைத்தது.

தூத்துக்குடியில் கடல் ஏறி உப்பளங்களை விழுங்கி, பிறகு பாதியைத் திருப்பிக் கொடுத்தபோது, கைவிடப்பட்ட பாத்திகளில் ஒரு பூஞ்சை பிறந்தது. கொண்டல் காற்று வீசும் மாதங்களில் அது உப்புத்தூளோடு ஊருக்குள் வந்து மனிதர்களின் நெஞ்சுக்குள் குடியேறியது. நுரையீரலைச் சிறுகச் சிறுகச் சுண்ணாம்பாக்கியது. மருந்து கிடையாது. தொட்டியில் வளர்க்கப்பட்ட நுரையீரல் ஒன்றுதான் வழி. அது யாருடைய உடம்பிலும் பொருந்தும். ஆனால் நூறு விதைத்தால் ஒன்று தேறும். தேறியதை அன்றைக்கே பொருத்தியாக வேண்டும். வருவது ஒன்று. காத்திருப்பவர்கள் பலர்.

யாருக்குக் கொடுப்பது என்று முதலில் மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். சந்தேகம் வந்தது, சாதி வந்தது, ஒரு மருத்துவரின் வீடு எரிந்தது. அதன்பிறகு, ஒரே அளவு நோய் முற்றியவர்களுக்குள் குலுக்கிப் போடுவது என்று தீர்மானமாகி, வெளிநாட்டிலிருந்து அந்த இயந்திரம் வந்தது. ஒரு மர பீரோ உயரம். நெற்றியில் ஒரு பெண்ணின் உருவம் செதுக்கப்பட்டிருந்தது. முதல் குலுக்கலில் அது தானாகவே ஒரு பெயரைச் சொன்னது. கூடத்தில் இருந்த ஒருவரும் நம்பவில்லை. "கையில்லாம என்ன குலுக்கல்? உள்ள எவனோ எழுதி வச்சிருக்கான்" என்று கண்ணாடிகளை உடைத்தார்கள். திருவுளச்சீட்டு என்றால் ஒரு கை உள்ளே போய் வர வேண்டும். அது இல்லாமல் தெய்வம் எப்படிப் பேசும்?

ஆகவே உருவத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத்தகடு பதித்தார்கள். முதல் வருடம் அதில் கை வைத்தவர் தலைமை மருத்துவர் ஹைருன்னிசா. பிறகு வார்டில் சத்தம் போடாமல் வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தியைத் தேடி, அமலோற்பவத்தைக் கூப்பிட்டார்.

"ஒன்னும் பயப்படாதீங்க அமலோற்பவம். பேரை மெஷினே எடுத்துடும். நீங்க தொடறது சும்மா, மக்களுக்காக" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் அந்த அறையில் கூடவே நிற்பார். அமலோற்பவம் கையைத் தூக்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஏதோ ஓதிக்கொள்கிறார் என்று அமலோற்பவம் நினைத்திருந்தாள்.

அந்தப் பெண்ணுருவத்துக்குப் பெயர் வைத்தவன் அமலோற்பவத்தின் தம்பி சந்தியாகு. வல்லம் என்கிற நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். ஜெனரேட்டர் பழுது பார்க்க வந்த கூட்டாளியோடு ஒருநாள் உள்ளே வந்தவன், உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏக்கா, இவ கையில வச்சிருக்கது சுக்கான்லா. எங்க ஆளு."

அப்போதிருந்து ஆஸ்பத்திரி முழுக்க அவள் சுக்கானம்மா ஆகிவிட்டாள்.

*

இயந்திரத்தைச் சோதிக்கச் சென்னையிலிருந்து பூவராகன் என்ற இளம் பொறியாளன் வந்தான். பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முழங்காலிட்டு ஏதோ துடைத்துக்கொண்டிருந்தான். வார்டு ஆயா வேலம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"தம்பி, இந்த அம்மனுக்கு உங்க பக்கத்துல என்ன பேரு?"

"எங்க பக்கத்துலயா? இது ரோமாபுரித் தெய்வங்க. ஃபார்ச்சூனான்னு பேரு. அதிர்ஷ்டமும் அவங்கதான், விதியும் அவங்கதான். ரெண்டுக்கும் ஒரே அம்மா."

"நல்ல வசதி" என்றாள் வேலம்மாள். "கும்புடுததுக்கும் ஒரே எடம், ஏசுததுக்கும் அதே எடம். பஸ்ஸுக்காசு மிச்சம். அந்தக் கையில என்ன, மாட்டுக்கொம்பா?"

"கொம்புதான். அதுலேர்ந்து பழமும் தானியமும் கொட்டிக்கிட்டே இருக்கும். ஒரு கை குடுக்கும், இன்னொரு கை சுக்கானைப் பிடிச்சு நம்மளத் திருப்பிவிடும்." பூவராகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அந்த ஊர்ல ஒரு மலைமேல அவங்களுக்குப் பெரிய கோயில் இருந்துச்சாம். ஜனங்க என்ன செய்யுறதுன்னு தெரியாம தவிச்சா, மரத்துண்டுல எழுதிப் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்களாம்."

"அப்ப நம்ம பூக்கட்டிப் போடுதது மாதிரியேதான். வெள்ளப்பூவா செவப்புப்பூவான்னு நாமளும் புள்ளைய விட்டுத்தான எடுக்கோம்." வேலம்மாள் யோசித்தாள். "எல்லா ஊர்லயும் ஏன் புள்ளையே எடுக்கணுங்கேன்?"

"கபடம் இல்லாத கைன்னு இருக்கும்."

வேலம்மாள் திருப்தியடைந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். அமலோற்பவம் தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"இதுல யாரு கை வச்சா என்ன? சும்மா மக்களுக்காகத்தான தம்பி வச்சிருக்கு."

"யார் சொன்னா?" பூவராகன் தலையை வெளியே நீட்டினான். "தகடு வேணும்னு நீங்க கேட்டப்போ, செஞ்சவங்க ஒரு கண்டிஷன் போட்டாங்க. பொய்யா ஒரு தகட்டை ஒட்ட மாட்டோம், வெச்சா நிஜமாத்தான் வெப்போம்னு. உள்ள ஒரு சக்கரம் சுத்திக்கிட்டே இருக்குன்னு வெச்சுக்குங்க சிஸ்டர். பேருங்க மாறிக்கிட்டே இருக்கும். கண்ணிமைக்கிறதுக்குள்ள லட்சம் தடவை. நீங்க தொடுற நேரத்துல எந்தப் பேரு வந்திருக்கோ, அதுல நின்னுடும்."

அமலோற்பவம் துணியை மடித்தாள். பிறகு பிரித்தாள்.

"கொஞ்சம் பொறுத்துத் தொட்டா?"

"வேற பேரு வரும்."

"இருமிட்டுத் தொட்டா?"

"அதுக்குள்ள எத்தனையோ தடவை மாறியிருக்கும்." அப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவசரமாக எழுந்தான். "சிஸ்டர், நீங்க தேர்ந்தெடுக்குறீங்கன்னு அர்த்தம் இல்ல. அந்த வேகத்துக்கு மனுஷனால எதையும் குறி வைக்க முடியாது. அதான் இதோட நியாயமே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும்" என்று பொய் சொன்னாள். "மறந்துட்டேன்."

அவன் பின்கதவை மூடித் திருகாணிகளை முடுக்கினான். வேலம்மாள் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். முன்பக்கம் கை படும் இடம், பூசக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. அதனால் பின்கதவு சேரும் கோட்டின்மேல், கதவிலும் பெட்டியிலுமாகப் பட்டையாக மஞ்சளை அப்பி, நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் குங்குமம் வைத்தாள். அவள் தலையிலிருந்து ஒரு மல்லிகையிதழ் அதில் விழுந்து ஒட்டிக்கொண்டது. "இருக்கட்டும், அவளே கேட்டு வாங்கிக்கிட்டா" என்றாள்.

*

பேப்பர் கடைக்காரரின் மனைவி பெயர் குலுக்கலில் இருந்த நாளில் ஜன்னலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அமலோற்பவம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தாள். அந்தக் காகத்தை அவள் மறந்தே போயிருந்தாள். இப்போது அது தினமும் வந்தது. சோற்றைப் பிசையும்போது வந்தது, கோயிலில் முழங்காலிட்டிருக்கும்போது வந்தது. காகம் வராமல் இருந்திருந்தால்? வந்தும் அவள் பார்க்காமல் இருந்திருந்தால்? மீன்காரியின் மகன் பிழைத்த அன்று மூக்கில் சரிந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். ஒரு உயிர் அவ்வளவு மெல்லிய இடத்திலா தொங்கியது? மூக்கு வியர்த்ததா ஒரு தாய்க்கு மகனைக் கொடுத்தது?

தான் யாரையும் கொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்ல இது பாவமும் இல்லை. குருவானவர் என்ன மன்னிப்பார்? மனசு செய்யாததைக் கை செய்திருந்தது. ஆனாலும் கை அவளுடையது. இரவெல்லாம் அதைத் தன்னோடுதான் கிடத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வேலம்மாள் கேட்டதற்குத் தன்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது என்று நினைத்தாள். மலைமேல் அந்தப் பையனும், நம் ஊர்ப் பிள்ளையும், சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். பொழுது சாய்வதற்குள் மறந்துவிடுவார்கள். கபடம் இல்லாத கையைத் தேடியதாகத் தெரியவில்லை. ஞாபகம் இல்லாத கையைத்தான் தேடியிருக்கிறார்கள்.

பூவராகனை போனில் கூப்பிட்டாள்.

"தகடு இருக்கட்டும் தம்பி. ஆனா அது சும்மா இருக்கணும். மெஷின் தானா நிக்கணும். அப்படிச் செய்ய முடியுமா?"

"செய்யலாம் சிஸ்டர். பின்கதவைத் திறந்து ஒரு இணைப்பை எடுக்கணும், அவ்வளவுதான். வெளியில யாருக்கும் தெரியாது." கொஞ்சம் தயங்கினான். "ஆனா ஆபீஸ்ல சரின்னு சொல்லணும். கேட்டுப் பாக்குறேன்."

"கேளுங்க" என்றாள். ஒருவரிடமும் இப்படிக் கெஞ்சியதாக அவளுக்கு நினைவில்லை.

*

சந்தியாகுவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. படுத்தால் அடைக்கும். இரண்டு தலையணையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தபடியே தூங்குவான். குலுக்கலில் சேரும் அளவுக்கு நோய் முற்றிவிட்டது என்று சொன்ன அன்று, அவன் மனைவி பிரகாசி அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நாத்தனாரிடம் வந்தாள்.

"மைனி, நீங்கதான் தொடணும்."

"சொந்தக்காரங்க பேரு இருந்தா நான் தொடக்கூடாது பிரகாசி. வேலம்மாதான் தொடுவா. சட்டம் அது."

"சட்டத்தக் கொண்டு உப்புல போடுங்க. உங்களுக்குக் கைராசி உண்டுன்னு ஊரே சொல்லுது. ஊர்க்காரனுக்கெல்லாம் வச்ச கைய உங்க தம்பிக்கு வைக்க மாட்டியளா? நான் ஏமாத்தவா சொல்லுதேன்? ஒருக்கத் தொடுங்கன்னுதான சொல்லுதேன்."

"கைராசின்னு ஒன்னும் கிடையாது."

எட்டு வருடமாக எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம். முதல்முறையாக அது வாயில் நொறுங்கியது. வேலம்மாள் தொடும் நேரமும் அவள் தொடும் நேரமும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. வேறு கை என்றால் வேறு பெயர். பிரகாசி அறியாமல் சொல்வது ஒருவகையில் சரிதான். ஆனால் எந்தக் கை சந்தியாகுவின் கை என்று யாருக்குத் தெரியும்?

அமலோற்பவம் விடுப்பு எடுத்துக்கொண்டு தம்பி வீட்டில் இருந்தாள். ஒரு மத்தியானம், பிரகாசி தண்ணீர் லாரிக்குப் போயிருந்தபோது, அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சக்கரத்தை, காகத்தை, மூக்குக் கண்ணாடியை. சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தாள்.

"அப்ப பேப்பர்காரர் ஓடுததுல தப்பில்ல" என்றான்.

"ஏல, சிரிக்காத."

"நான் எங்க சிரிச்சேன், இருமுதேன்." மூச்சைச் சேர்த்துக்கொண்டான். "அக்கா, அலை எங்கேருந்து வருதுன்னு நமக்குத் தெரியாது. சுக்கானப் பிடிச்சிருக்கவனா அலைய உண்டாக்குதான்? ஆனா கையெடுத்தான்னு வையி, வல்லம் குறுக்க விழுந்துரும். எல்லாரும் போயிருவோம். ஒரு கை இருக்கணும். அது நல்லாப் பிடிக்கா, மோசமாப் பிடிக்காங்கது அப்புறம்."

"உன் பேரு வரலைன்னா?"

"வரலைன்னா வரல." அவன் தலையணையை இழுத்து அணைத்துக்கொண்டான். பிறகு, "எனக்கு வரணும்க்கா" என்றான். கண் நிறைந்திருந்தது. "பிரகாசிட்ட தைரியமா இருக்க மாதிரி காட்டிக்கிடுதேன். எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு."

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அந்தக் கையால்தான். முந்தானைக்குள் மறைக்க அப்போது தோன்றவில்லை.

"இத வேற யார்ட்டயும் சொல்லிராத" என்றான் அவன், அவள் சேலைக்குள்ளிருந்து. "ஒருத்தி தூங்காம கெடக்கது போதும்."

*

நுரையீரல் ஒன்று தேறிவிட்டது என்று செய்தி வந்தது. பூவராகனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. பிரகாசி ஜெபமாலையை உருட்டவில்லை. அமலோற்பவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வம் என்ற பள்ளிக்கூட டீச்சர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் இருந்தாள். அவள் கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். இன்னும் சிலர். அமலோற்பவம் அறைக்குள் ஒரு மூலையில் நின்றாள். விடுப்பில் இருந்தாலும் கை வைக்காவிட்டாலும் இயந்திரத்தைத் தயார் செய்வது அவள் பொறுப்பு. டாக்டர் ஹைருன்னிசா கதவருகே நின்றார்.

வேலம்மாள்தான் தொட வேண்டும். மூன்றாம் முறையாகக் கைகழுவிவிட்டு வந்தாள். "சுக்கானம்மா, நம்ம சந்தியாகுக்கு விழட்டும் ஆத்தா" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரக்கை பட்டால் தகடு கறுக்கும். எட்டு வருடப் பழக்கம். யோசிக்குமுன் வாய் பேசிவிட்டது.

"கையத் துடைச்சுக்க வேலம்மா."

நீட்டிய கை நின்றது. வேலம்மாள் சேலையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வேலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தகட்டில் வைத்தாள்.

மாரிச்செல்வம்.

கூடத்தில் யாரோ அலறினார்கள். மகிழ்ச்சியா துக்கமா என்று பிரித்தறிய முடியாத அலறல். டீச்சரின் கணவன் ஓடிவந்து கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, உள்ளே நின்ற வேலம்மாளைப் பார்த்துக் கும்பிட்டான். வேலம்மாள் அழுதுகொண்டே அவனையும் அமலோற்பவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அமலோற்பவம் நின்ற இடத்திலேயே நின்றாள். மூன்று சொற்கள். அந்த மூன்று சொற்கள் ஓடிய நேரத்தில் உள்ளே சக்கரம் எங்கே நிற்கவிருந்தது, எங்கே போய் நின்றது? சந்தியாகுவின் பெயரைத் தாண்டியா, அல்லது இன்னொரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கா? அதைச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை.

வெளியே வந்தபோது பிரகாசி எழுந்து நின்றிருந்தாள்.

"உங்க கை ஒருக்கத் தொட்டிருந்தா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

கொண்டல் காற்று அடங்கும் முன்பே சந்தியாகு போய்விட்டான். உட்கார்ந்தபடியே, தலையணையில் முகம் வைத்தபடியே. அடக்கத்துக்கு வல்லத்துக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். பிரகாசி மண் போட்டபோது அமலோற்பவம் பின்வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் இடது கையால் மண்ணை அள்ளினாள். பிறகு கீழே போட்டுவிட்டு, வலது கையால் அள்ளிப் போட்டாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வார்டு நடையில் மாரிச்செல்வம் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. அவள் உதட்டைக் குவித்து ஊதினாள். ஊதி ஊதிக் குடித்தாள். டீயின்மேல் பாலாடை விலகி விலகிச் சேர்ந்தது. அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டு அமலோற்பவம் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. வெறுக்க முயன்று பார்த்தாள். முடியவில்லை. தம்பியை எடுத்த அதே சொற்கள்தான் இவளை இங்கே உட்கார வைத்திருக்கலாம். "சூடு பாத்துக் குடிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

*

பூவராகன் வந்தபோது முன்பிருந்த சுறுசுறுப்பு இல்லை. துக்கம் விசாரித்தான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"சிஸ்டர், உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீங்க லீவுல இருந்தப்போ வந்தேன். நீங்க கேட்ட மாதிரியே பின்கதவைத் திறந்து அந்த இணைப்பை எடுத்துட்டேன். தம்பி குலுக்கலுக்கு முன்னாடியே. அதனால அன்னைக்கு யாரு எப்போ தொட்டிருந்தாலும், என்ன பேசியிருந்தாலும், ஒன்னும் மாறியிருக்காது."

என்ன பேசியிருந்தாலும். அமலோற்பவம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அன்று நடந்ததை வேலம்மாள் அழுதுகொண்டே யாரிடமெல்லாம் சொல்லியிருப்பாள்?

"நெசமாவா தம்பி?"

"நிஜமா."

"ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

அவன் டீ குடிக்கப் போனதும் அவள் இயந்திரத்தின் பின்னால் போனாள். மார்பில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்வதுபோல் இருந்தது. தலையைச் சாய்த்துப் பின்கதவின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்படி வைத்தபோதுதான் கண்ணுக்கு மிக அருகில் அதைப் பார்த்தாள்.

மஞ்சள் வெளிறிக் காய்ந்து ஓடுபோல் இறுகியிருந்தது. கதவிலும் பெட்டியிலுமாக, கோட்டுக்குக் குறுக்கே, வேலம்மாளின் கட்டைவிரல் ரேகை ஒரு வளையமும் உடையாமல் இருந்தது. அதில் அன்று ஒட்டிய மல்லிகையிதழ் பழுப்பேறி, அப்படியே கோட்டைத் தாண்டிக் கிடந்தது. ஒரு மயிரிழை வெடிப்புகூட இல்லை.

அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

அவள் விரல் நுனியால் இதழைத் தொட்டாள். உடைத்துவிடாமல் தொட்டாள். பாவம் அந்தப் பையன், கேட்டிருப்பான், மறுத்திருப்பார்கள். வெறுங்கையோடு வர மனம் இல்லாமல் இந்தப் பொய்யைக் கொண்டுவந்திருக்கிறான், நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழம் வாங்கிக்கொண்டு போவதுபோல. அவன் திரும்பி வந்தபோது, "ரொம்ப நன்றி தம்பி, இப்பத்தான் மனசு ஆறுச்சு" என்றாள். அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை அவளால் கொடுக்க முடிந்தது.

அடுத்த குலுக்கல் நாள் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. டாக்டர் ஹைருன்னிசா வழக்கம்போலக் கதவருகே நின்றார். தகட்டைத் துடைக்க வந்த வேலம்மாள் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மெலிந்து போயிருந்தாள்.

"யக்கா, ஒன்னு கேக்கட்டா? கோவப்படக் கூடாது."

"கேளு."

"அன்னிக்கு நான் ஈரக்கையோட வந்தேம்லா. மொதல்லயே துடைச்சுட்டு வந்திருந்தா, ஒருவேள, நம்ம சந்தியாகுக்கு..." அவளால் முடிக்க முடியவில்லை. "ராத்திரியெல்லாம் இதே நெனப்பா வருதுக்கா. என் கையப் பாத்தா எனக்கே..."

அமலோற்பவம் அவள் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள்.

"ஒன்னும் பயப்படாத வேலம்மா. பேரை மெஷினே எடுத்துரும். நீ தொட்டது சும்மா, மக்களுக்காக."

"நெசமாவாக்கா?"

"நெசமா. இனிமே நீ தொட வேண்டாம். எப்பவும் நானே தொட்டுக்கிடுதேன்."

வேலம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாரம் இறங்கியவளாக வெளியே போனாள். அவள் போன பிறகுதான் அமலோற்பவம் கவனித்தாள், சொன்ன நேரம் முழுக்கத் தன் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்ததை. வெளியே வெயிலும் ஒரு வேப்பமரமும் இருந்தன. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

மெல்லத் திரும்பினாள். டாக்டர் ஹைருன்னிசா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வருடம் முழுக்க அந்தத் தகட்டில் கை வைத்தவர், இதே சொற்களை அவளிடம் முதலில் சொன்னவர். டாக்டர் கதவருகிலிருந்து நடந்து வந்து அவள் பக்கத்தில், தோளோடு தோள் உரச நின்றுகொண்டார்.

அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையை விலக்கி, சுக்கானம்மாவின் காலடியில் உள்ளங்கையைக் கொண்டுபோனாள். அன்று டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.